பனை நிற்கும், பனையேறி நிற்பானா?

உழவு ஊருக்கு உயிர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், உயிர் தங்குதற்கு உடல் வேண்டும். அவ்வுடலாக நெடுங்காலம் நின்றவை ஊர்ப்புறத்துக் கைத்தொழில்கள். தறியும் செக்கும், கொல்லுலையும் மண்கலச் சூளையும், கயிறு திரித்தலும் பாய் முடைதலும், பதநீர் இறக்குதலும் கருப்பட்டி காய்ச்சுதலும் ஆகிய இவையே, ஒரு காணி நிலமும் இல்லாதவனுக்குப் பிறந்த ஊரிலேயே தலைநிமிர்ந்து நிற்க ஓரிடம் தந்தன. மழை பொய்த்த ஆண்டில் உழவன் வீட்டு அடுப்பை அணையாமல் காத்தவையும் இவையே. இத்தொழில்கள் ஒவ்வொன்றாய்ச் சரியச் சரிய, ஊர்ப்புறம் நெல்லும் முதியோரும் மட்டும் எஞ்சிய இடமாய் மாறி வருகின்றது. இளையோர் நகரத்துக் கட்டடப் பணிக்கும், பிறர் கடைகளில் ஏவல் செய்தற்கும் பெயர்கின்றனர். பெயர்வோரைக் குறை கூறுவதில் பொருளில்லை; வயிறு எவ்வழி காட்டுகிறதோ அவ்வழியே கால் செல்லும். ஊரிலேயே வயிறு நிறைவதற்கு வழி ஏன் அடைபட்டது என்பதே ஆராயத்தக்கது.

இதனை ஆராய்தற்குத் தமிழர்க்குப் பனைத்தொழிலினும் சிறந்த சான்று வேறில்லை. தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுரம், குமரி மாவட்டங்களின் தேரி மணலிலும் கரிசல் வரப்பிலும் நின்று, எவரும் நீரூற்றாமலே வளர்ந்து, வேர் முதல் ஓலை வரை அத்தனையும் மாந்தனுக்கு ஈயும் மரம் அது. சேரர்க்கு அடையாளப் பூவாய் நின்றது. தமிழின் இலக்கியங்கள் அனைத்தையும் தன் ஓலையில் தாங்கி, அச்சுப்பொறி வரும்வரை காத்துக் கொடுத்தது. புறத்தே வயிரமுடையனவற்றைப் புல் என்று வகுத்து, அவற்றின் உறுப்புகளுக்குத் தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு எனத் தனித்தனிப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் எண்ணிச் சொல்கின்றது. எத்துணை நுணுக்கமாக இத்தொழிலைத் தமிழர் அறிந்திருந்தால் இத்துணைப் பெயர்கள் பிறந்திருக்கும்!

தமிழ்நாட்டரசு 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தது. 2021-ஆம் ஆண்டில், வேளாண்மைக்கெனத் தனியே அளிக்கப்பட்ட முதல் வரவு செலவுத் திட்டத்தில், 76 நூறாயிரம் பனை விதைகளும் ஒரு நூறாயிரம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும், பங்கீட்டுக் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. இவையனைத்தும் பாராட்டத்தக்கன. செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வண்டி வண்டியாய்ச் சாய்ந்த காலத்தில், வெட்டுதற்குத் தடை பிறந்ததே பெரிது. ஏரிக்கரைகளிலும் குளக்கரைகளிலும் இளைஞரும் மாணவரும் விடுமுறை நாள்களில் பனங்கொட்டை ஊன்றி வருவதும் நெஞ்சங் குளிரச் செய்யும் காட்சியே.

ஆயினும் ஒரு கணக்கு உண்டு. அதனை எவரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பனங்கொட்டை முளைத்து வளர்ந்து பாளை விடுதற்குப் பதினைந்து முதல் இருபது ஆண்டு ஆகும். 2021-இல் ஊன்றிய விதை 2036-க்கு முன் பதநீர் தாராது. இன்று நாற்பத்தைந்து அகவையில் மரமேறுகின்ற ஒருவன் அன்று ஐம்பத்தைந்தைக் கடந்திருப்பான். அவனுக்குப் பின்னே ஏறுதற்கு எவரையும் ஊர்களில் எளிதிற் காண முடிவதில்லை. மரத்தை ஊன்றுவோர் பெருகுகின்றனர், ஏறுவோர் அருகுகின்றனர். ஏறுவாரற்ற பனை, காற்றில் ஓலை உரசி ஒலிக்கும் வெறுங்கம்பமே. ஆகவே எழ வேண்டிய வினா, பனை நிற்குமா என்பதன்று. பனையேறி நிற்பானா என்பதே.

பனைத்தொழிலின் உழைப்பை அறியாதவர் அதன் அழிவையும் அறியார். முப்பது மரங்களைக் குத்தகைக்குக் கொண்ட ஒருவன், மரத்துக்கு நாற்பதடி என்று குறைத்தே கணக்கிடினும், நாளுக்கு இருமுறை ஏறுங்கால் 2400 அடி மேலேறி, அதே 2400 அடி கீழிறங்குகின்றான். காலில் தளைநார்; இடுப்பில் பாளையரிவாள் பெட்டி; கையில் முருக்குத்தடி. ஆண்பனையின் பாளையைக் கடிப்பால் நெருக்கிப் பதமாக்கி, நாள்தோறும் நுனியைத் தாள்போல் மெல்லிதாய்ச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி வருதல் வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துபோம். மெலிந்தால் நீர் சுரவாது. ஒருநாள் தவறினும் பாளை உலர்ந்துவிடும். விடுமுறை என்பது அவன் அகரவரிசையில் இல்லாத சொல். கால் வழுவினால் உயிர். உயிர் தப்பினால் முதுகெலும்பு.

மரத்தினின்று இறங்கியதும் அவன் வேலை முடியும். அவன் மனையாளின் வேலை அப்போதுதான் தொடங்கும். ஏறத்தாழ எட்டுப்படி நீரை ஒருபடிக் கூழாகச் சுண்டக் காய்ச்சுவது போன்ற கடுந்தொழில் அது. எட்டு இலிட்டர் பதநீர் காய்ந்தாற்றான் ஒரு கிலோ அளவுக்குக் கருப்பட்டி கிட்டும். எஞ்சிய ஏழு இலிட்டர் நீரையும் ஆவியாக்குவது விறகு. அவ்விறகை உடைமரக் காட்டிலும் வேலிக்கருவைப் புதரிலும் வெட்டிச் சுமந்து வருபவள் அவளே. விடிலியின் புகையில் மணிக்கணக்கில் நின்று, நுரை பொங்கி வழியாமல் ஆமணக்கு முத்தை நசுக்கியிட்டு, தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பதம் பார்த்து, சிரட்டைகளில் வார்த்தெடுப்பவளும் அவளே. பதம் ஒரு நொடி பிந்தினால் கருகும், முந்தினால் இறுகாது. இக்கைத்திறத்துக்குப் பள்ளியும் இல்லை, பட்டமும் இல்லை. கூலிக் கணக்கில் அவள் பெயரே இல்லை.

இத்துணை உழைப்பின் பயன் எவரிடம் சேர்கின்றது? பதநீர்ப் பருவம் ஏறத்தாழ ஆறு திங்கள். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியில் ஓயும். ஆறு திங்கள் ஈட்டி, பன்னிரு திங்கள் உண்ண வேண்டும். மழைக் காலத்தில் கையிலொன்றுமில்லாத குடும்பம் கருப்பட்டி வணிகரிடம் முன்பணம் வாங்குகின்றது. முன்பணம் வாங்கிய கையால் பருவத்தில் விலைபேச இயலாது. வணிகர் சொன்ன விலையே விலை. அவர் நிறுத்ததே நிறை. புதுக்கருப்பட்டி மலிந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் அது அவர் கிடங்குக்குச் செல்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் விலையேறிய பின் வெளியே வருகின்றது. இடையிலுள்ள ஏற்றம் முழுதும் மரமேறாதவர்க்கு ஊதியம். வணிகரைத் தீயவர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர் இல்லையாயின் மழைக்காலத்தில் அக்குடும்பத்துக்கு அரிசியும் இல்லை என்பதே உண்மை. கடன் கொடுக்கும் இடத்தில் வேறெவரும் நில்லாமையால் அவர் நிற்கின்றார். குற்றம் அந்த வெற்றிடத்தினது.

அவ்வெற்றிடம் ஏன்? உழவனுக்குக் கூட்டுறவுக் கழகம் பயிர்க்கடன் தருகின்றது; நிலத்தின் ஆவணத்தைக் காட்டினால் போதும். பனைத்தொழிலனுக்கு நிலமில்லை, அவன் ஏறும் மரமும் பிறர்க்குரியது, ஆகவே காட்டுதற்கு ஆவணமில்லை. புயலிலும் வெள்ளத்திலும் பயிர் அழிந்தால் இழப்பீடு உண்டு. காற்றில் பாளை முறிந்து பருவமே போனால் அவனுக்கு எவரும் இழப்பீடு அளிப்பதில்லை. கரும்புக்கு நடுவணரசு ஆண்டுதோறும் விலை அறிவிக்கின்றது. கருப்பட்டிக்கு விலை அறிவிப்பார் எவருமிலர். கரும்போ நீர்ப்பாய்ச்சலும் நன்செயும் கேட்பது. பனையோ இரண்டும் கேளாதது. கேட்பதற்குக் கொடுத்து, கேளாததைக் கைவிடுவது எந்த அறம்?

இவ்வுண்மையை எண்பது ஆண்டுகட்கு முன்பே உரத்துச் சொன்னவர் தமிழர் ஒருவர். தஞ்சையில் 1892-இல் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்கத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் கற்று, பெருஞ்சம்பளத்தை உதறிக் காந்தியடிகளுடன் இணைந்த சே. சி. குமரப்பாவே அவர். 1934-இல் தோன்றிய அனைத்திந்தியச் சிற்றூர்த் தொழில் கழகத்தை வார்தாவில் அமர்ந்து நடத்தியவர். அக்கழகம் கையிலெடுத்த தொழில்களுள் பனைவெல்லமும் ஒன்று. நன்செய் நிலம் நெல்லும் கூலமும் விளைத்து வயிற்றுப் பசி தீர்க்கட்டும். இனிப்பைத் தரிசில் நிற்கும் பனை தரட்டும் என்பதே அந்நெறியின் சாரம். பிற்காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தங்கி, 1960-இல் மறைந்தார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? வடபுலத்தார் பெயர்களையும் மேலையார் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகட்குத் தம் மண்ணின் பொருளியல் அறிஞரைக் கற்பிக்காதது கல்வியின் குறையே.

சட்டத்தின் கதையும் இதனோடு பிணைந்தது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் முழுதும் பரவியது; 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டது; பின்னர் மீண்டும் தளர்ந்து, 1987 முதல் கள்ளுக்குத் தடையாய் நிலைத்தது. பின்பு 2003-இல் வெளிநாட்டு வகைச் சாராயத்தின் சில்லறை விற்பனையை அரசின் வாணிகக் கழகமே தன் கையில் எடுத்துக்கொண்டது. விளைந்த நிலைமை வியப்புக்குரியது: ஆலைச் சாராயம் அரசின் கடையில் விற்கலாம், மரத்தில் சுரந்த நீர் சில மணிநேரம் புளித்துவிட்டால் குற்றம். அண்டைக் கேரளத்தில் கள் உரிமத்தோடு விற்கப்படுகின்றது. குடியைப் பெருக்குக என்பது இங்குக் கருத்தன்று. குடி எவ்வடிவில் வரினும் ஏழைக் குடும்பத்தைக் கெடுப்பதே. கேட்கப்படுவது நேர்மை ஒன்றே. தடை என்றால் இரண்டுக்கும் தடை. இசைவு என்றால் முதலில் இம்மண்ணின் உழைப்பாளிக்கு இசைவு. இரண்டும் இன்றி, பெருமுதலாளியின் ஆலைக்கு வாயிலைத் திறந்து, கலயம் கட்டுபவனை மட்டும் காவலர்க்கு அஞ்சி வாழ விடுவது முறையாகாது. பதநீருக்குத் தடையில்லை. எனினும், சுண்ணாம்பு குறைந்தது, புளிப்புத் தட்டுகின்றது என்று ஐயுற்றுக் கலயங்களை உடைப்பதாகப் பனைத்தொழிலர் முறையிட்டு வருகின்றனர். ஒருநாட் கலயம் உடைந்தால் ஒருநாள் உலை கொதியாது என்பதை உடைப்பவர் எண்ணுவதில்லை.

சந்தையிலும் அவனுக்குத் தோல்வியே காத்திருக்கின்றது. மலிவான வெண்சருக்கரையையும் ஆலைக் கழிவுப் பாகையும் காய்ச்சி, சிறிது கருப்பட்டி சேர்த்துச் சிரட்டையில் வார்த்துவிட்டால், கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. அக்கலப்படக் கட்டி பாதி விலைக்கு விற்கும்போது, எட்டு இலிட்டரைச் சுண்டக் காய்ச்சியவன் எங்ஙனம் ஈடுகொடுப்பான்? உடன்குடிக் கருப்பட்டிக்கு மண்ணடையாளச் சான்றாகிய புவிசார் குறியீடு கிடைத்திருப்பது மகிழ்ச்சியே. கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் 2020-இல் அச்சான்று கிடைத்தது. ஆனால் சான்று என்பது வேலி. வேலிக்குக் காவலும் வேண்டும். கலப்படம் செய்தவனைத் தண்டிக்காத இடத்தில், சான்று சுவரில் மாட்டிய படமாகவே இருக்கும்.

இந்நிலை பனைக்கு மட்டும் உரியதன்று. சிறுதொழிலுக்கென்றே சில பொருள்களை ஒதுக்கிவைக்கும் முறையை நடுவணரசு 1967-இல் தொடங்கியது. தொடக்கத்தில் 47 பொருள்கள். பின்னர் எண்ணூற்றுக்கும் மேல் உயர்ந்தது. தொண்ணூறுகளுக்குப் பின் அப்பட்டியல் சுருங்கிச் சுருங்கி, எஞ்சியிருந்த 20 பொருள்களும் 2015-இல் நீக்கப்பட்டன. ஊறுகாயும், கடலெண்ணெயும், மெழுகுத்திரியும், தீப்பெட்டியும் அக்கடைசி இருபதுள் அடங்கும். அன்று முதல், வீட்டுத் திண்ணையில் ஊறுகாய் இடும் பெண்ணும் பலகோடி முதலுடைய நிறுவனமும் ஒரே களத்தில் எதிரெதிர் நிற்கின்றனர். இதற்குப் போட்டி என்று பெயர். யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே வழியில் விட்டு, வழி இருவர்க்கும் பொது என்று சொல்வது போன்றது இது.

மகளிர் தன்னுதவிக் குழுக்கள் ஊர்ப்புறத்தில் ஒரு நல்வாயிலைத் திறந்தன என்பதை மறுத்தற்கில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, தமிழ்நாடெங்கும் பரவிய அவ்வமைப்பு, கையெழுத்திடவும் வைப்பகப் படியேறவும் அஞ்சிய பெண்களைக் கணக்கெழுதவும் அலுவலர்முன் அமர்ந்து பேசவும் பழக்கியது. ஆயினும் கடன் வேறு; தொழில் வேறு. கடன் கொடுத்து, பொருள் செய்யப் பயிற்சியும் கொடுத்து, அப்பொருளை விற்கும் இடத்தைக் கொடாது விட்டால், கடன் முதலாகாது, கடனாகவே நிற்கும். மணப்பாட்டிலும் பழவேற்காட்டிலும் பெண்கள் முடையும் ஓலைப்பெட்டிகளின் அழகைக் கண்டவர் வியவாதிருக்க மாட்டார். அவ்வியப்பு விலையாய் மாறினாலன்றி அவர் வீட்டில் உலை ஏறாது.

இனி, இத்தொழில்களைக் காப்பதில் ஒரு பெருங்குழியும் உண்டு. அதனைக் கண்டு விலகாதவர் நன்மை செய்யப் புகுந்து தீமையே செய்வர். பனைத்தொழிலைக் காக்க வேண்டும் என்பது, பனையேறியின் மகன் பனையேற வேண்டும் என்பதன்று. அவ்வாறு எண்ணிய கல்வித் திட்டம் ஒன்று 1953-இல் வந்தது. அரைநாள் பள்ளி, அரைநாள் தந்தையின் தொழில் என்றது. தமிழ்நாடு அதனைக் குலக்கல்வி என்று இனங்கண்டு எதிர்த்து, 1954-இல் வீழ்த்தியது. அது தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க வெற்றி. 2023-இல் நடுவணரசு 18 கைத்தொழில்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியபோது, குடும்பவழித் தொழில் செய்வோர்க்கே உதவி என்னும் விதியைத் தமிழ்நாட்டரசு ஏற்க மறுத்து, 2025-இல் பிறப்பை வினவாத தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் அவ்வுணர்வின் தொடர்ச்சியே. அப்பதினெட்டுள் பெட்டியும் பாயும் முடைவோர்க்கு இடமுண்டு. மரமேறுபவனுக்கு இடமில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

பனையேறி என்னும் சொல்லை வசையாக எறிந்த குமுகாயம் இது. அவ்வசைக்கு அஞ்சியே எத்தனையோ தந்தையர் தம் மக்களை மரத்தின் பக்கம் வாராமற் காத்தனர். கடன்பட்டுப் படிக்க வைத்தனர். அவர்கள் செய்தது சரியே. அப்பிள்ளைகள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வணிகராகவும் உயர்ந்தது தமிழர்க்குப் பெருமையே. அவர்களைத் திரும்பி வந்து மரமேறுக என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. நகரத்துக் குளிரறையில் அமர்ந்து, மரபுத்தொழில் அழிகின்றதே என்று கண்ணீர் வடிப்போர் தம் மகனை ஒருநாள் மரமேற விடுவரா என்று தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க. பிறன் மகனின் முதுகெலும்பை ஈடுவைத்து மரபைக் காப்பது மரபுப்பற்றன்று, தன்னலமே.

ஆகவே வழி வேறு. தொழிலைச் சாதியினின்று பிரித்தெடுத்து, கல்வியோடும் பொறியோடும் ஊதியத்தோடும் மானத்தோடும் இணைப்பதே அவ்வழி. எவன் வீட்டுப் பிள்ளையாயினும், விரும்பியவன் கற்று, விரும்பியவன் ஏறி, மேசைப்பணி செய்வானுக்கு நிகராக ஈட்டும் நிலை வந்தால், ஏறுவார் வருவர். மின்கம்பம் ஏறுவதை எவரும் இழிதொழில் என்பதில்லை. அதற்குச் சம்பளமும் காப்பும் உண்டு. பனைக்கும் அவ்விரண்டும் வரட்டும்; இழிவு தானே ஓடும்.

இதற்கு வேண்டுவன சிலவே. அவற்றுள் எதுவும் இயலாததன்று.

முதலாவது, கிடங்கும் ஈட்டுக்கடனும். பருவத்தில் தொழிலன் கொண்டுவரும் கருப்பட்டியைக் கூட்டுறவுக் கழகம் தன் கிடங்கில் வாங்கி வைத்து, அன்றைய விலையில் பெரும்பகுதியை உடனே கையிற் கொடுத்து, விலையேறும் காலத்தில் விற்று மிச்சத்தைக் கணக்குத் தீர்க்க வேண்டும். கருப்பட்டி மழையீரத்தில் கசியும். அதற்காகவே முன்னோர் புகைப்பரண் கட்டினர். ஈரம் புகாத கிடங்கு இக்காலத்தில் அரிதன்று. ஊர்க் கழகம், மாவட்ட இணையம், மாநிலப் பனைவெல்லத் தும்பு விற்பனைக் கூட்டுறவு இணையம் என்னும் அடுக்குகள் முன்பே உள்ளன. எலும்புக்கூடு இருக்கின்றது, குருதி ஏற்றுவதே எஞ்சிய பணி. 1935-இல் தோன்றிய கைத்தறிக் கூட்டுறவு விற்பனைக் கழகமாகிய கோ-ஆப்டெக்சு, நெசவாளனின் சேலையை நாடெங்கும் கொண்டுசென்று விற்றுக் காட்டியது. தறிக்கு இயன்றது பனைக்கு இயலாதா?

இரண்டாவது, தூய்மைக் காவல். பனை மாவட்டங்களில் ஆய்வுக்கூடம் அமைத்து, ஆய்ந்த கருப்பட்டிக்கு முத்திரையிட்டு, கலப்படத்தார்க்குத் தண்டனை வழங்க வேண்டும். பங்கீட்டுக் கடையில் விற்கப்படும் கருப்பட்டி இடைத்தரகர் கையினின்று வாராமல், தொழிலரின் கூட்டுறவினின்றே வரவேண்டும்.

மூன்றாவது, காப்பு. பனைத்தொழிலர் நலவாரியம் இருக்கின்றது. ஆயின் உறுப்பினராகாதோரும் உளர். ஒவ்வொரு தொழிலனும், அவனோடு காய்ச்சும் மனையாளும் தனித்தனிப் பெயரில் பதியப்பெற வேண்டும். மரத்தினின்று விழுந்தால் மருத்துவமும், விழுந்தவன் எழாவிடின் குடும்பத்துக்கு உதவியும், பருவமல்லாக் காலத்துக்கு உதவித்தொகையும் உரிமையாய்க் கிடைத்தல் வேண்டும்.

நான்காவது, கருவி. எளிதாகவும் இடரின்றியும் ஏறுதற்கேற்ற இடுப்புவாரும் ஏணியும், குறைந்த விறகில் காயும் அடுப்பும், புகை வெளியேறும் போக்கியும் ஆய்ந்து உருவாக்கிக் குறைந்த விலைக்குத் தரப்பட வேண்டும். வானூர்தி அறியும் தமிழ்ப் பொறியியலார்க்கு, பெண்ணின் கண்ணைக் கரிக்காத ஓர் அடுப்பு அமைப்பது அரிதாகுமா?

ஐந்தாவது, ஆண்டு முழுதும் வேலை. பதநீர் ஓய்ந்த காலத்தில் பனம்பழமும் பனங்கிழங்கும், நாரும் தும்பும் ஓலையும் உள. ஏறத்தாழ நாற்பது நாளில் விளையும் பனங்கற்கண்டு கருப்பட்டியினும் மிகுந்த விலை தரும். இவற்றை ஊரிலேயே செய்து, கட்டி, பெயரிட்டு அனுப்பினால், ஆறுதிங்கள் தொழில் பன்னிருதிங்கள் தொழிலாகும். ஈழத்தில் 1978-இலேயே யாழ்ப்பாணத்தை நடுவாகக் கொண்டு பனை வளர்ச்சிக்கென ஒரு சபை எழுந்தது. தமிழ்நாடு பனைக்குப் பட்டம் சூட்டிய அதே ஆண்டில், அவர்கள் பனைக்கு நிறுவனம் கண்டனர். பின்னர் வந்த போரில் பெருமளவு பனைகள் தலையிழந்து வீழ்ந்தும், எஞ்சியதைக் கொண்டு அம்மக்கள் தொழிலை விடாது பற்றி வருகின்றனர்.

அரசு செய்வது ஒருபாதி. மக்கள் செய்வது மறுபாதி. தமிழுணர்வு என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதாயின், அது நாவளவினதே. வாங்கும் பொருளிலும் தமிழுணர்வு வெளிப்பட வேண்டும். திருமணத்திலும் பொங்கலிலும் கருப்பட்டி இனிக்கட்டும். அன்பளிப்பு நெகிழிப் பையில் செல்லாது ஓலைப்பெட்டியில் செல்லட்டும். விலை சிறிது மிகுதி என்று முகஞ்சுளிப்போர், அம்மிகுதி 2400 அடி ஏற்றத்தின் கூலி என்பதை எண்ணுக. தொழில் அழிந்தால் சொல்லும் அழியும். குருத்தோலை, சாரோலை, காவோலை, பன்னாடை, கருக்குமட்டை, கடிப்பு, தளைநார், விடிலி என்னும் சொற்களை வெறும் அகரமுதலியால் காக்க இயலாது. அவற்றைக் கையாளும் கைகளே காக்கும். மொழியைக் காப்போர் அக்கைகளையும் காக்கக் கடமைப்பட்டவர்.

தமிழர்களே! ஊர்ப்புறத்துச் சிறுதொழில் இரக்கத்துக்குரியதன்று, உரிமைக்குரியது. பனையேறியும் நெசவாளியும் குயவரும் இரந்து நிற்கவில்லை. செய்த வேலைக்குச் செவ்விய விலையும், விழுந்தால் தாங்க ஒரு கையும், சாதியின் பெயரால் இழிக்காத ஒரு பார்வையுமே கேட்கின்றனர். விதைத்த 76 நூறாயிரம் விதைகளும் முளைக்கட்டும். அவை பாளை விடும் நாளில், எந்தக் குலத்தில் பிறந்தவனாயினும், விரும்பி வந்து, அச்சமின்றி ஏறி, மானத்தோடு இறங்கி, நிறைந்த ஊதியத்தோடு வீடு திரும்பும் ஓர் இளைஞன் அம்மரத்தடியில் நிற்க வேண்டும். அவனை ஆக்குதற்கு எஞ்சியுள்ள ஆண்டுகள் பத்தே. மரம் தானே வளரும். மாந்தனைத் தமிழர்தாம் வளர்க்க வேண்டும்.